சாயம் போன துப்பாக்கி

படித்த படிப்பைக் காட்ட இடம் கிடைக்காமல் தவிப்பவரைப் போல ஆபத்தான பிறவி உலகத்தில் கிடையாது. நான் உலோகவியல் டிப்ளமோ. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கட்டடக் கம்பிகளை இழுத்தும் வளைத்தும் சோதிக்கிற வேலை. விழுப்புரத்தில் என் பிறந்த வீட்டில் இதைப் பற்றி வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். கல்யாணமாகிப் பெருமுக்கல்லுக்கு வந்தபோதுதான் என் படிப்புக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. (பயப்படாதீர்கள், நான் சுடவில்லை. சுட்டிருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.)

துப்பாக்கி என் மாமனாருடையது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய இரட்டைக் குழல். மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். அந்தச் சத்தத்துக்கு அவை முண்டியம்பாக்கம் தாண்டித்தான் நிற்கும் என்பது அவர் கணக்கு. முகையூரில் ஏதோ ஒரு பழைய பெரிய வீட்டில் வாங்கியதாம். இரண்டு குழலிலும் பழுப்பும் கறுப்புமாக அலை அலையாய் ஒரு பூவேலை ஓடும். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் துப்பாக்கி வரும். "நூறு வருசத்து சீமை சாமானுங்க. இப்ப வர்றதெல்லாம் வெறும் பைப்பு" என்பார்.

கல்யாணமான மூன்றாம் மாதம் என் அப்பா அம்மா விருந்துக்கு வந்தார்கள். வழக்கம்போலத் துப்பாக்கியும் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பெடுத்தேன். அந்தக் காலத்தில் இரும்புப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் சேர்த்து ஜடை மாதிரி முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்துக் குழல் செய்வார்கள். அந்த முறுக்குதான் மேலே பூவாகத் தெரிகிறது. அழகுதான். ஆனால் ஒட்டின இடத்துக்குள் துரு ஏறினால் வெளியே தெரியாது. அது மெதுவாக எரிகிற பழைய கரிமருந்துக்குச் செய்த குழல். இப்போதைய தோட்டாவின் வேகத்துக்குப் பிளந்துவிடலாம். புதுத் துப்பாக்கியில் ஒரே உருக்குத் தண்டைத் துளைத்துக் குழல் செய்கிறார்கள், அது தாங்கும்.

"இத்த சுட்டா குழலைத் தாங்குற இடது கை போயிடும் மாமா" என்று முடித்தேன்.

மாமா தன் இடது கையை ஒரு முறை பார்த்தார். துப்பாக்கியைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் அப்பா முகத்தில் பெருமை தாங்கவில்லை. (அவருக்கென்ன, கொல்லையா வைத்திருக்கிறார்?)

மாமா சுடுவதை நிறுத்தினார். பன்றிகள் வருவதை நிறுத்தவில்லை. அவர் ஒரு தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினார். பன்றிகள் அதை மேளக் கச்சேரி என்று நினைத்துக் குடும்பத்தோடு வந்தன. அறுவடைக்குச் சில வாரம் இருக்கும்போதே கொல்லையில் கால்வாசி போய்விட்டது. அத்தை என்னை நேராகத் திட்டவில்லை. "பன்னிங்கெல்லாம் என் மருமவ படிப்புக்குக் கும்பிடு போடணும்" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விருந்தாளி வந்தால் மாமா வெறும் காபி மட்டும் கொடுக்க ஆரம்பித்தார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எப்படியாவது அவர் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. தோட்டா இல்லை என்று பார்த்துத் துப்பாக்கியைத் துடைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, மாமா டிராக்டரைக் கழுவப் போனார். நான் அப்போதுதான் பித்தளை விளக்குத் தேய்த்து முடித்திருந்தேன். கிண்ணத்தில் புளி மிச்சம் இருந்தது. முறுக்குக் குழலில் லேசாகப் புளிப்பு பட்டால் இரும்பும் உருக்கும் தனித்தனி நிறம் காட்டும், பூ பளிச்சென்று எழும் என்பது பாடம். மாமா அசந்துபோவார் என்று தேங்காய் நாரை எடுத்தேன்.

பூ எழவில்லை. பழுப்புத் தண்ணீராக என் கையோடு வந்தது. அழுக்குதான் போகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வலது குழல் முழுக்க மொழுமொழுவென்று வெள்ளையானது. வெறும் பைப்.

பின்னாலிருந்து அத்தை கேட்டார். "இன்னாடி இது, சாயம் போவுது?"

மாமா ஈரக் கையோடு வந்து பார்த்தார். பாதி பூவும் பாதி பைப்புமாக அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் தடவினார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது பசி இல்லம்மா என்றார். அந்த "ம்மா"வில் நான் உடைந்துபோய்த் தோட்டத்துக் குழாயடியில் நின்று அழுதேன்.

அழுகைக்கு நடுவேதான் மூளை வேலை செய்தது. உண்மையான முறுக்குக் குழலின் பூ உலோகத்துக்குள்ளேயே இருக்கும், புளிக்கெல்லாம் ஓடிப்போகாது. ஓடிப்போனால் அது மேலே போட்ட அச்சு. அப்படியென்றால் அடியில் இருப்பது? கம்பெனியில் சோதிக்காமல் வாயைத் திறக்காத நான் இங்கே கண்ணால் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். என் கணவர் சரவணன், நீ கொஞ்ச நாள் எதையும் கண்டுபிடிக்காமல் இரு என்றார். நான் விடவில்லை. அடுத்த வாரம் மாமாவையும் அவரையும் கிளப்பிக்கொண்டு, லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் குழலுக்கு அடியிலிருந்த மரக்கட்டையைக் கழற்றினார். மரம் மூடியிருந்த இடத்தில் பூவே இல்லை. உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், கனம் அளந்தார், அடியிலிருந்த முத்திரைகளைப் படித்தார்.

"பழசு மாதிரி செஞ்சதுங்க. நூறு வருசமெல்லாம் இல்ல, உங்க வயசுகூட இருக்காது. ஒரே ஸ்டீலு, மேல அச்சு."

எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பக்கத்தில் மாமாவின் குரல் மெல்லக் கேட்டது.

"அப்ப சுடலாமா?"

"தாராளமா சுடுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். அந்தச் சிரிப்பை நான் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. "இம்மா நாளா பைப்பு பைப்புன்னு ஊரையே கிண்டல் பண்ணிக்கினு இருந்தேன் பாரு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அன்று சாயங்காலம் கொல்லையில் ஒரு வெடி கேட்டது. மாமாவின் இடது கை பத்திரமாகத் திரும்பி வந்தது. மிச்ச மல்லாட்டையும் வீடு வந்து சேர்ந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் புதுப் புடவை வந்தாலும் சரி, புது நகை வந்தாலும் சரி, முதலில் என் கைக்குத்தான் வரும். நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் குணத்தைப் பாராட்டித் தள்ளியபோது, மாமா என் காதருகே குனிந்து, "வூட்ல புளி இருக்காம்மா?" என்றார். (இருந்தது. மாப்பிள்ளை சாயம் போகாதவர். கல்யாணம் நடந்தது.)

மறுபடி பூ அச்சு போட்டுத் தருவதாக மெக்கானிக் அன்றே சொன்னார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். இப்போதும் காபிக்கு முன்னால் துப்பாக்கி வருகிறது. பூப்போட்ட இடது குழலைக் காட்டி, "இது முகையூர்க்காரரு என்னை ஏமாத்தினது" என்பார். பிறகு வெள்ளைக் குழலை வந்தவர் பக்கம் திருப்புவார்.

"இது என் மருமவ தேச்சது. தொட்டுப் பாருங்க."