பனியாற்றோடு பேசும் ஆஸ்முண்டூர்

உலகத்துப் பனியெல்லாம் உருகட்டும்; எங்கள் ஐஸ்லாந்து ஊரின் பனியாறு மட்டும் வளர்கிறதாம். சொன்னவர் ஆஸ்முண்டூர். அவருக்குச் சொன்னவர்கள் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் மறைந்த மக்கள். சாலை போடவே அவர்களிடம் அனுமதி கேட்கிற ஊர் இது. பனி விஷயத்திலா சந்தேகப்படும்?

அந்த அதிசயத்தை அவர் கூட்டிப்போய்க் காட்ட, கட்டணம் தலைக்கு ஐயாயிரம் குரோனா. மூன்று பேருந்துக் கூட்டம் கம்பளிச் சட்டையோடு மலையேறியது. பனி விளிம்பில் ஒரு சிவப்புக் கம்பு.

"போன செப்டம்பர்ல நட்டேன். அப்போ பனி இருபதடி தள்ளி இருந்துச்சு. இப்போ வந்து முத்தம் கொடுக்குது பாருங்க!"

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

கூட்டத்தோடு வந்த ஸ்டெய்னுனின் வீடு, உருகிய பனி தேங்கும் பனியாற்று ஏரிக்கு நேர் கீழே. கரை உடையும், வீட்டை மாற்று என்று ஊராட்சி சொல்லிவிட்டது.

"அப்போ நான் மாற வேணாமா ஆஸ்முண்டூர்?"

"நீயும் உன் ஆடுங்களும் நிம்மதியா இருங்க. பனி வளர்ந்தா ஏரிக்கு ஏது தண்ணி?"

பக்கத்து வீட்டு ராக்னா சிரித்தாள். செயற்கைக்கோள் படங்களில் பனியை அளப்பது அவள் வேலை.

"வருஷா வருஷம் இதே மாசத்துப் படம் எங்கிட்ட இருக்கு. மேகம் மூடினாலும் ரேடார் பார்த்துடும். ஒம்பது வருஷத்துல ஐந்நூறு மீட்டர் பின்னால போயிருக்கு."

"ஆகாசத்துல சுத்துற தகரத்துக்குப் பனியோட மனசு தெரியுமாம்மா?"

கைதட்டல்.

"மனசு தெரியாது. விளிம்பு தெரியும். சரி, படம் வேணாம். போன வருஷம் நீங்க கம்பு நட்டப்போ நானும் பக்கத்துல நின்னேன். அந்த இடத்தைக் கைப்பேசில குறிச்சிருக்கேன். நடந்து பார்ப்போமா?"

"அதை யாரு நம்புவா?"

"காலைல மூடுபனிக்குள்ள பேருந்துக்கு வழி காட்டினது உங்க கைப்பேசிதானே? அதுக்குச் சொல்லிக் கொடுத்ததும் மேல சுத்துற தகரம்தான்."

ஸ்டெய்னுன் ராக்னாவின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு நடந்தாள். அம்புக்குறி பனிக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து இழுத்தது. கூட்டமும் பின்னாலேயே போனது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். இன்னும் நாற்பது மீட்டர் என்றது கைப்பேசி. எதிரே வெறும் தண்ணீர்; போன வருஷம் கம்பு நட்ட தரை இப்போது ஏரிக்குள்.

"யோவ் ஆஸ்முண்டூர்! அங்க நட்ட கம்பு பனிக்கிட்ட எப்படிப் போச்சு? நீந்தியா?"

"அது... மறைந்த மக்கள் தூக்கி வெச்சிருப்பாங்க..."

"அவங்களுக்குச் சுத்தியலும் நீங்கதான் கொடுத்தீங்களா?" என்றார் பேருந்து ஓட்டுநர்.

அன்று மாலையே ஸ்டெய்னுன் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் மட்டும், அந்தக் கனமான கம்பை அத்தனை தூரம் தூக்கிய மறைந்த மக்களின் பலத்தை வியந்தபடியே பேருந்தில் ஏறினார்கள்.

பனி உருகுவதைப் பார்க்க வானத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று. அய்யாமார்களே, அம்மாமார்களே, தரையில் நின்று யோசிப்பதற்கும் அங்கிருந்தே ஆள் வர வேண்டுமா?