மூணாவது பானையும் ஒழுகுது

"மூணாவது பானையும் ஒழுகுதுங்க" என்றான் குமரேசன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டான்.

ரமணாசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். பானை செய்வதைப் பார்க்கணும் என்று யார் கேட்டாலும் கீழ்பென்னாத்தூர் தாண்டி இந்தப் பட்டறைக்குத்தான் கூட்டி வருவான். கேட்காதவர்களிடமும் "பானை பாக்கலையா சார்?" என்று அவனே கிளப்புவான். எல்லாம் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேதாவுக்காக. எட்டு மாதமாக வருகிறான்; பானையைத் தவிர வேறு ஒரு வார்த்தை அவளிடம் பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் ஆட்டோ கண்ணாடியிடம் பேசிவிடுகிறான், பாவி. சவாரி கிடைக்காத நாளில் இங்கே வருவதற்கு ஒழுகும் பானைதான் ஒரே சாக்கு.

வேதா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "மறுபடியுமா? வேற தரேங்க."

மற்றவர்களுக்கு ஒரு தட்டு தட்டிக் கொடுத்துவிடுவாள். இவனுக்கு மட்டும் பத்துப் பானையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கடைசியாக ஒன்றை எடுத்து நீட்டுவாள். நம் மேல் என்ன அக்கறை என்று குமரேசனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வீட்டில் அவன் அம்மா ஜோதியம்மாள்தான் தரையைத் துடைத்துத் துடைத்துத் திட்டித் தீர்ப்பாள்.

இன்று அவனோடு சவாரி வந்த சென்னைப் பெண்மணி இதைக் கேட்டுவிட்டாள். "ஒழுகுமா? அப்ப எனக்கு வேணாம்." எடுத்து வைத்திருந்த ஆறு சட்டியையும் திரும்ப வைத்தாள்.

சூளைப் பக்கமிருந்து வேதாவின் அம்மா சந்திரம்மாள் ஓடி வந்தாள். "ஏம்ப்பா, வர்ற ஆளையும் விரட்டுறியா?"

குமரேசன் பதறினான். "ஐயோ, ஜாஸ்தி ஒழுகாதும்மா. கம்மியாத்தான்..."

பெண்மணி ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

"ஒழுகவே ஒழுகாது மேடம்! இப்பப் பாருங்க!"

கொண்டுவந்த பானையிலேயே தண்ணீரை ஊற்றித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். தண்ணீர் காக்கிச் சட்டை முழுக்க இறங்கியது. பெண்மணி அதைச் செல்போனில் வீடியோ எடுத்தாள். ஓரமாக மண் மிதித்துக்கொண்டிருந்த வேதாவின் மாமன் தருமன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"போதும்ப்பா உன் வித்தை" என்றாள் சந்திரம்மாள். "நானே பாத்து ஒண்ணு தரேன். பத்து வருசத்துக்கு ஒழுகாது. எடுத்துனு போ. இனிமே இந்தப் பக்கமே வராத."

பத்து வருஷம்! பத்து வருஷம் ஒழுகாத பானையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

சந்திரம்மாள் ஒரு பானையைத் தட்டினாள். டங் என்றது. "கேட்டியா? நல்ல பானைன்னா இப்படிக் கேக்கும். விரிசல் விட்டதுன்னா டொப்புங்கும்."

வாங்கிக்கொண்டு வேதாவைப் பார்த்தான். சக்கரம் நின்றிருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது வாயைத் திறந்தோமா என்று தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவனுக்கு. ஈரச் சட்டையோடு ஆட்டோவை நோக்கி நடந்தான்.

"யக்கா!" என்று தருமன் சேற்றில் நின்றபடியே கத்தினான். "அந்த நல்ல பானைய மொதல்ல திரும்ப வாங்கு! மூணு தடவையும் உன் பொண்ணு டொப்புங்கறதாத் தேடித் தேடிக் குடுத்ததே, அவரு திரும்பி வரணும்னுதான்!"