மேஸ்திரியின் பத்தியச் சாப்பாடு

பூனைக்கு மூக்கு உண்டு. நெசவுக்காரனுக்குக் கிடையாது. சாயத்தையும் பட்டுப் பசையையும் மோந்து மோந்து அது எப்போதோ செத்துப்போயிருக்கும். இது எனக்குத் தெரியாமல் இருந்ததால் என் மகன் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. படிப்பு எட்டாவது. (எட்டாவதிலும் பாதி.) தறிச் சத்தத்தில் பேசினால் யார் காதிலும் விழாது. அதனால் பேசுகிற பழக்கமே வரவில்லை.

எங்கள் பூனைக்கு மேஸ்திரி என்று பெயர். தறிக்கூடத்தில் அது சுற்றி வருகிற நடையைப் பார்த்து என் மனைவி கஸ்தூரி வைத்தாள். பட்டு நூல் இருக்கிற வீட்டில் எலி புகுந்தால் பிழைப்பு போச்சு. மேஸ்திரி வந்த பிறகு ஆரணியில் எங்கள் வீட்டுக்கு மட்டும் எலி வருவதில்லை. அந்த மரியாதை அதற்கு உண்டு.

மகன் பிரகாசு செய்யாறு பக்கம் கம்பெனி வேலைக்குப் போனான். முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி, அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, மேஸ்திரிக்கு ஒரு பாக்கெட் பூனை பிஸ்கட். (பட்டு நெய்கிறவன் பொண்டாட்டிக்கு நைலக்ஸ். அவளும் கட்டிக்கொண்டாள்.) அன்றிலிருந்து மேஸ்திரி வேறு எதையும் தொடவில்லை. எலியைப் பிடித்தால்கூட ஓரமாக வைத்துவிட்டு பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்குக் காத்திருக்கும்.

ஒரு நாள் அதற்கு ஒன்றுக்கு வரவில்லை. மூலையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தது. கூடையில் போட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். டாக்டரம்மா குழாய் விட்டு எடுத்தார்.

"காஞ்ச பிஸ்கட்டே தின்னா இப்படித்தாங்க. ஒடம்புல தண்ணியே இல்ல. மீனு, கோழி எதுனா உப்பு காரம் இல்லாம வேகவச்சு, அந்தத் தண்ணியோட குடுங்க. திரும்ப அடைச்சா பொழைக்காது" என்றார்.

சரி என்றேன்.

அதே வாரம் பிரகாசுக்குப் பெண் அமைந்தது. களம்பூர். பெயர் தேன்மொழி. அப்பா நெல் வியாபாரம் செய்கிறார். வீட்டை ஒட்டி அரிசி ஆலை. பிரகாசுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. (போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தான்.) ஒரே ஒரு சங்கடம். அவர்கள் சுத்த சைவம். பெண்ணின் அம்மா கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவுச்சி வாசனை பட்டாலே எம்பொண்ணு வாந்தி எடுத்துடும் சம்பந்திம்மா. அது ஒண்ணுதான் பேஜாரா கீது."

"உங்க பொண்ணு வர்ற வீட்டு அடுப்புல கவுச்சி ஏறாதுங்க. நான் சொல்றேன்" என்றாள் கஸ்தூரி.

அவள் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்கு வந்ததும் மீன் சட்டியைக் கழுவிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சட்டியும் போச்சு, அடுப்பும் போச்சு. மேஸ்திரிக்கு எங்கே வேகவைப்பது? யோசித்தேன். தறிக்கூடம் கொல்லைப்பக்கம் தனியாக இருக்கிறது. கஸ்தூரியிடம் சொல்லாமல் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கித் தறிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாக்கும் கெடவில்லை, பூனையும் சாகாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் கோழி ஈரல் வைத்தேன். மேஸ்திரி மோந்து பார்த்தது. பிறகு சுற்றிலும் தரையைச் சுரண்டியது. அது எதை அப்படி மூடும் என்று பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மறுநாள் கோழிக்கறியும் கொஞ்சம் பூசணிக்காயும். அதற்கும் அதே மரியாதை. ஏரியில் பிடித்த ஜிலேபி மீனை வேகவைத்து, முள் எடுத்து, ஆறாமல் கையில் வைத்து நீட்டினேன். தறிக்குக் கீழே நான் கால் வைக்கிற குழிக்குள் இறங்கிப் படுத்துவிட்டது.

வெறுத்துப்போய் மீனைக் குழி ஓரத்தில் வைத்துவிட்டு நெய்ய உட்கார்ந்தேன். மிதிகட்டை ஆட ஆரம்பித்ததும் மேஸ்திரி குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி மீனைத் தின்றது. நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. மிதித்தேன். தின்றது.

அப்புறம் தினமும் இரண்டு வேளை இந்தக் கூத்துதான். நூல் ஓட்டாமல் வெறும் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, கையால் முள் எடுத்து ஊட்டினேன். (என் மகனுக்கு நான் ஒரு வாய் ஊட்டியதில்லை. எல்லாம் தெரிந்த பிறகு அவனும் அதைச் சொல்லிக் காட்டினான்.)

அப்போது தறியில் இருந்தது தேன்மொழிக்கான முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நெய்தவன், என் வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு நெய்தது அதுதான் முதல். மழைக்காலம். சன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டேன். பட்டின் பக்கத்திலேயே மீன் கொதித்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் நூல் ஓட்டுகிற நாடாவைத் தொட்டேன். சோப்புக்கெல்லாம் மீன் அசையாது என்று பிறகு தெரிந்தது.

புடவை முடிந்தது. மேஸ்திரிக்கும் தாராளமாகப் போனது. இரண்டு வேலையும் சுத்தம் என்று நினைத்தேன்.

நிச்சயத்துக்குக் கிளம்புகிற காலையில் கஸ்தூரி புடவையை எடுத்தாள். அவளுக்கு மழைச் சளி. அப்படியும் முகம் சுளித்தாள்.

"இன்னாங்க, ஒரு மாதிரி வருது?"

"சாயம்."

"சாயம் இப்பிடியா வரும்?"

"புதுச் சாயம்."

எதற்கும் சாம்பிராணி காட்டச் சொன்னாள். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் புடவையைப் பரப்பி, கீழே நன்றாகப் புகை போட்டேன். மீனுக்குப் புகை போட்டால் வாசனை போகாது, ஊறும். இது நான் அன்று கற்ற பாடம்.

களம்பூரில் நல்ல கூட்டம். மாப்பிள்ளையின் அப்பாவே நெய்த புடவை என்றதும் எல்லோருக்கும் தொட்டுப் பார்க்க ஆசை. தட்டிலிருந்து எடுத்துப் பிரித்தார்கள். கை மாறிக் கை மாறிப் போனது. போன பக்கமெல்லாம் பேச்சு நின்றது. பெண்ணின் அத்தை மட்டும் வாயைத் திறந்தார்.

"இன்னா அண்ணி, ஆரணியில மசாலா தடவி நெய்வாங்களா?"

அதற்குள் சன்னல் வழியாக ஒரு செவலைப் பூனை குதித்தது. அரிசி ஆலையில் எலிக்காக வளர்க்கிற பூனை. அதன் பின்னால் ஒரு கறுப்பு. அதன் பின்னால் தாயும் குட்டிகளும். பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி வரிசையாக வந்து புடவையைச் சுற்றி உட்கார்ந்தன. செவலை சரிகையை நக்கியது.

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிரகாசு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா சம்பந்தி இது?" என்றார் பெண்ணின் அப்பா.

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

"பூனைக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். "எந்தப் பூனைக்கு?"

"எங்க வீட்டுப் பூனைக்கு."

"அதுக்கும் புடவைக்கும் இன்னாங்க?"

சொன்னேன். பிஸ்கட், குழாய், ஈரல், பூசணிக்காய், ஜிலேபி மீன், மிதிகட்டை எல்லாம் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் பேசியதே இல்லை. கஸ்தூரி கணவனைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. யாரோ வழியில் போகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அடுப்புல கவுச்சி ஏறாதுன்னீங்களே சம்பந்திம்மா" என்றார் அத்தை.

"ஏறலங்க" என்றாள் கஸ்தூரி. "தறியில ஏத்திட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. தாம்பூலத் தட்டைப் பெண்ணின் அப்பா தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"இப்ப ஒண்ணுக்குப் போகுதா மாமா?"

நிச்சயத்தில் எந்தப் பெண்ணும் இப்படிக் கேட்டிருக்கமாட்டாள்.

"போகுதும்மா."

"நல்லா போகுதா?"

"நல்லா போகுது."

தேன்மொழி வெளியே வந்தாள். செவலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு புடவையை மடித்தாள். "நான் இதையே கட்டிக்கிறேன்பா. வாந்தி எடுக்கறது அம்மா. பழியை எம்மேல போட்டு வச்சிகினு கீறாங்க."

முதலில் அத்தை சிரித்தார். பிறகு அப்பா. தட்டு நடுவுக்கு வந்தது. அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கல்யாணத்துக்குள்ள இந்த நாத்தம் போயிடுமாங்க?"

"போயிடும்" என்றேன்.

போகவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் இரண்டு முறை தும்மினார். ஓமப் புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எதற்கும் ஒரே காரணம்தான். பிரகாசு வேலை முடிந்து லேட்டாக வந்தால் பூனைக்கு உடம்பு சரியில்லை. குழம்பில் உப்பு கூடினால் பூனைக்கு உடம்பு சரியில்லை. நெல் லாரி வராத நாளில் சம்பந்தி போன் போட்டு அதையே சொல்கிறார். நான் சரி என்கிறேன்.

மேஸ்திரிக்கு இப்போது மீன் வேகவைப்பது மருமகள். கொல்லையில், திறந்த வெளியில், தறிக்கு ரொம்பத் தள்ளி. ஆனால் விசேஷ நாளில் பீரோவைத் திறந்து அந்த அரக்குப் புடவையை எடுத்தால், மேஸ்திரி எங்கே இருந்தாலும் வந்துவிடும். புடவை எதிரே உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்கும்.

தறியை மிதி என்று அர்த்தம்.