உங்கள் அம்மாவை உள்ளே வைத்து அடித்த நிலை

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட தையற்காரன் வணக்கத்துடன் எழுதுவது. முதலில் உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் இன்றைக்கு எனக்கு விசாரிக்கிற மனசு இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், என் எரிச்சலே அதுதான். இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் "மாப்பிள்ளை, மீட்டிங்ல இருக்கேன்" என்று வெட்டிவிடுகிறீர்கள். காகிதத்தைக் கிழிக்கத்தான் முடியும், அதையும் யாராக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் அதிகம், ஆகையால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் அதையும் கோபக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவென்றால், உங்களைப் பெற்ற அம்மா, என் அத்தை, ஒரு வாரத்துக்கு மேலாகத் தன் அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். நோய் நொடி ஒன்றும் இல்லை. கதவு பூட்டிக்கொள்ளவும் இல்லை, விரியத் திறந்துதான் கிடக்கிறது. நீங்கள் ஆசைப்பட்டு வைக்கச் சொன்ன பழங்காலத்து வேலைப்பாட்டுக் கதவு நிலை வழியாக அவருடைய சக்கர நாற்காலி வெளியே வரமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

இந்த வம்பு எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. ஆபீஸ் வேலையாக எங்கேயோ போய் ஒரு பழைய மாளிகையில் தங்கினீர்கள். அங்கே உத்தரத்தைப் பார்த்தீர்கள், தூணைப் பார்த்தீர்கள், கதவு நிலையில் செதுக்கிய பூவையும் கொடியையும் பார்த்தீர்கள், சொக்கிப் போய்விட்டீர்கள். சொக்கினவர் உங்கள் வீட்டில் செய்துகொண்டிருந்தால் நான் ஏன் பேசப் போகிறேன்? உங்கள் அடுக்குமாடியில் சுவரில் ஓர் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. அதனால் ஆணி அத்தனையையும் என் வீட்டில் அடிக்க அனுப்பிவிட்டீர்கள். உங்கள் தங்கையிடம் நான் ஒரு வார்த்தை முனகினேன். "எங்கண்ணன் எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வாரு, உங்களை மாதிரியா?" என்றாள். அதற்கு மேல் என் வீட்டிலேயே எனக்கு ஓட்டு இல்லை.

நீங்கள் அனுப்பிய தச்சர் காதில் எந்நேரமும் ஒரு பென்சில் இருக்கும், அதை எடுத்து அவர் ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை, அதனால் அவருக்குப் பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டேன், இப்போது அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி. அந்தப் பென்சில் முதலில் கூடத்துக் கூரையில் உத்தரம் வைத்தார். ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்தேன், டொக் டொக் என்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பெட்டி. கூரையைத் தாங்க வேண்டிய உத்தரத்தைப் பாவம் கூரை தாங்கிக்கொண்டிருக்கிறது. அது வந்ததும் மின்விசிறி இறக்கை இடிக்கும் என்று விசிறியைக் கழற்றினார், வேர்த்துக் கொட்டுகிறதே என்றால் "அந்தக் காலத்துல விசிறி ஏது சார்?" என்கிறார். பிறகு சுவர் முழுக்கப் பலகை அடித்து அதில் சட்டம் சட்டமாக வைத்தார், சுவிட்சு எல்லாம் பலகைக்குப் பின்னால் போய்விட்டது, அதற்கு ஓட்டை போட்டுக் கொடுத்தார், இப்போது விளக்கைப் போட வேண்டுமானால் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டேன். வருகிற போகிறவர்களிடம் "எங்க வீட்டுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் அந்த நிலை இருக்கிறதே, அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. பழைய நிலையைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வைப்பதுதானே எந்தத் தச்சரும் செய்கிற வேலை? பெயர்த்தால் சுவர் விரிசல் விடும், பழையதை அப்படியே விட்டுவிட்டு அதற்குள்ளேயே புதியதைப் பொருத்து என்று போனில் சட்டம் போட்டது நீங்கள். நான் தையற்காரன் மச்சான். வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுக்கிறவர்களுக்குக்கூட மூச்சு விட ஒரு விரற்கடை சேர்த்து வெட்டுகிறவன். சட்டைக்குள் சட்டை தைத்தால் ஆள் எப்படி நுழைவார் என்பது எனக்குத் தெரியாதா? அன்றைக்கே கேட்டேன்.

"என்ன பென்சில், வாசல் இளைச்ச மாதிரி தெரியுதே?"

"வேலைப்பாடு கூடினா அப்படித்தான் சார் தெரியும். கண்ணு பூ மேலேயே போயிடும்ல?"

அத்தை அப்போது அறைக்குள்தான் இருந்தார். வெளியே கொண்டுவந்து உட்கார வைக்கிறோம் என்றால் கேட்டால்தானே? உள்ளே இருந்தபடி மேற்பார்வை பார்த்தார். "அந்த மூணாவது பூ பக்கத்துப் பூவைப் பார்த்து முறைக்குது, சரியா வை" என்று பென்சிலை ஆட்டிப் படைத்தார். பசை ஊற்றி, திருகாணி முடுக்கி, மெருகெண்ணெய் தடவி, எல்லாரும் தள்ளி நின்று ஆகா என்றோம். "சரிடி, போதும், தள்ளு" என்றார் அத்தை. உங்கள் தங்கை தள்ளினாள். டொக். கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி தள்ளினாள். டொக்.

"அம்மா, கையை உள்ளே வெச்சுக்கோ."

"என் கை உள்ளேதான்டி இருக்கு. வாசல்தான் உள்ளே வந்திருக்கு."

நான் டேப்பை எடுத்து அளந்தேன். நாற்காலி நாலு விரற்கடை அதிகம். சாய்த்துப் பார்த்தோம், கோணலாகத் திருப்பிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. உடனே உங்களுக்குப் போன் போட்டு "அண்ணா, அம்மா உள்ளே மாட்டிக்கிச்சு" என்று உங்கள் தங்கை அழாத குறையாகச் சொன்னாள். போட்டோ அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பினோம். நீங்கள் திருப்பி அனுப்பியது என்ன? "ஃபினிஷிங் பிரமாதம்." அந்தப் போட்டோவில் நடுவில் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தார் மச்சான். உங்கள் கண்ணுக்கு அவர் பட்டாரா இல்லையா?

பென்சிலை அறுக்கச் சொன்னால் "அவரு பாஸ் பண்ணின டிசைன் சார், அவரே வந்து சொல்லட்டும்" என்கிறார். நானே ரம்பத்தை எடுத்தேன். அத்தை போட்டாரே ஒரு சத்தம்!

"கையை எடுங்க மாப்பிள்ளை! என் பையன் ஆசைப்பட்டு வெச்சது. அறுக்கணும்னா அவன் வந்து அறுக்கட்டும்."

"சரி அத்தை, அப்ப நானே உங்களைத் தூக்கிட்டு வந்து கூடத்துல உட்கார வைக்கிறேன்."

"நான் என்ன துணி மூட்டையா? நீங்க காலரைத் தூக்கித் தைக்கிறதோட நிறுத்திக்குங்க. என்னைத் தூக்க ஒருத்தன் இருக்கான். அவன் வரட்டும்."

உள்ளேயே குளியலறை இருப்பதால் பிழைத்தோம், சாப்பாடும் தட்டில் உள்ளே போகிறது. ஆனால் கூடத்து ஜன்னல் உள்ளே போகுமா? சாயங்காலமானால் அந்த ஜன்னலில் உட்கார்ந்து தெருவையே ஆண்டுகொண்டிருந்தவர் அவர். யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது, எதிர்வீட்டு மருமகள் யாரோடு பேசவில்லை, எல்லாம் அங்கேதான் தீர்ப்பாகும். இப்போது இஸ்திரி போடுகிறவர் முதல் காய்கறி வண்டிக்காரம்மா வரை என்னைப் பிடித்து "அம்மாவைக் காணோமே?" என்று கேட்கிறார்கள். "சுவரோட சேர்த்துப் பொருத்தியாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். 

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அத்தை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது வந்தீர்கள், ஆஸ்பத்திரியில் நின்றீர்கள், நாற்காலி வாங்கிக் கொடுத்தீர்கள், போனீர்கள். அதற்கப்புறம் உங்கள் முகத்தை அவர் நேரில் பார்க்கவில்லை. ஆனால் மரவேலை நடந்தபோது தினமும் போனில் முகத்தைக் காட்டினீர்கள். இந்தச் சட்டம் கொஞ்சம் மேலே, அந்தப் பலகை கொஞ்சம் இடதுபக்கம் என்று ஒவ்வொரு மூலையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தீர்கள். போனை உங்கள் அம்மா பக்கம் திருப்பினால் மட்டும் "சிக்னல் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்பீர்கள். மரத்துக்கு வந்த சிக்னல் அம்மாவுக்கு வராதா? செத்த மரத்துக்கு இத்தனை பாசம் காட்டத் தெரிந்தவருக்கு மூச்சு விடுகிற மனுஷியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காதா?

ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே நிற்க வேண்டும். வராவிட்டால் உத்தரம், பலகை, சட்டம், பூ, கொடி அத்தனையும் பெயர்த்து வண்டியில் ஏற்றி உங்கள் அடுக்குமாடி வாசலில் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அத்தையை மட்டும் அனுப்பமாட்டேன், அவரை யாருக்கும் கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

அக்காவிடம் என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி, நன்றாகப் படிக்கட்டும், அப்பாவைப் போல அதிகமாக யோசிக்காமல் இருக்கட்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நேரில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்தில் இருக்கும்,
உங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: கடையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன், உறை வீட்டில் இருந்தது. உங்கள் தங்கையைக் காஜா எடுக்க உட்கார வைத்துவிட்டு, வழக்கமில்லாத நேரத்தில் வீட்டுக்குப் போனேன். கூடத்து ஜன்னலில் அத்தை உட்கார்ந்து இஸ்திரிக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "கதவைச் சாத்துங்க மாப்பிள்ளை, தூசி வருது" என்றார்.

பிறகு செய்தே காட்டினார். நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், நாற்காலியை மடக்கி முன்னால் தள்ளினார், பின்னாலேயே இரண்டு எட்டு வைத்து நடந்தார், விரித்து உட்கார்ந்தார். மாட்டிக்கொண்ட மறுநாளிலிருந்தே இப்படித்தானாம், நாங்கள் கடைக்குப் போனதும் வெளியே, வருவதற்குள் உள்ளே. தெரு முழுக்கத் தெரியுமாம். என்னைப் பிடித்து விசாரித்தவர்கள் அத்தனை பேரும் நடித்திருக்கிறார்கள். என் கையில் இருந்த கடிதத்தை அத்தை அதற்குள் பார்த்துவிட்டார். "சொல்லியிருந்தா நீங்க அவனுக்கு லெட்டர் எழுதியிருப்பீங்களா? காரமா எழுதினீங்களா? படிங்க கேப்போம்" என்றார். படித்தேன். மாட்டுப் பிரசவத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். சிக்னல் வந்த இடத்தில் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அந்த வரியை அடித்துவிடப் போனேன். "இருக்கட்டும்" என்றார். கடைசியில், "நான் நடக்கிறேன்னு மட்டும் எழுதிடாதீங்க. தெரிஞ்சா அவன் வரமாட்டான்" என்றார்.

நான் எழுதிவிட்டேன் மச்சான். மாட்டிக்கொண்ட அம்மாவைத் தூக்க எவனும் ஓடி வருவான். மாட்டிக்கொள்ளாத அம்மாவைப் பார்க்க நீங்கள் வருகிறீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். வந்தால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி மூச்சு வாங்க அவரைத் தூக்குங்கள். அவரும் நடக்கவே வராதவர் மாதிரி உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வார்.