குச்சி மேடமும் உறை மோரும்

சில வருடங்களுக்கு முன், ஆடி முதல் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, படுக்கையைச் சுருட்டிவிட்டுக் காபிக்கு இறங்கினேன். மாடிப்படியின் கைப்பிடியைக் குச்சி மேடம் பஞ்சுக்குச்சியால் தடவிக்கொண்டிருந்தார்.

மந்தைவெளியில் அவர் சந்தேகப்படாத பொருள் கொதிக்கிற தண்ணீர் ஒன்றுதான். கண் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பது அவர் வேலை. எங்கள் மகளிர் விடுதியில் அவருடைய நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. கழுவாத கை கண் பக்கம் போனால் புறங்கையில் ஓர் அடி விழும். வார்டனுக்கே விழுந்திருக்கிறது. குச்சி மேடம் மாற்றலாகிப் போன பிறகும், கண் அரித்தால் என் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அன்றைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. என் அறைத்தோழி ரேவதி கான்டாக்ட் லென்ஸ் போடுபவள். வலது கருவிழியில் புண். சொட்டு மருந்து ஆரம்பித்தாயிற்று. பார்வை தப்புமா என்பது திங்கள்கிழமைதான் தெரியும் என்றார் டாக்டர்.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம வுட்டா, அடுத்த கண்ணுக்கும் வரும்" என்று குச்சி மேடம் கிளம்பிவிட்டார்.

குழாய், வாளி, தலையணை, கண்மை, கடைசியில் வார்டனின் குங்குமச் சிமிழ்.

"அம்மா தாயே, அது அம்பாள் பிரசாதம்!" என்று வார்டன் அலறினார்.

"அம்பாள சந்தேகப்படல மேடம், டப்பாவத்தான்."

லேபில் எல்லாவற்றிலும் ஏதோ முளைத்தது. ரேவதியின் கண்ணில் இருந்த கிருமி மட்டும் எதிலும் இல்லை. சனிக்கிழமை மாலை, "ராத்திரி லென்ஸ கழட்டி இன்னா பண்ணுவே? செஞ்சு காட்டு" என்றார்.

ஒற்றைக் கண்ணோடு ரேவதி லென்ஸ் டப்பாவைத் திறந்தாள். பழைய திரவம் அப்படியே இருந்தது. அதன் மேலேயே புதிதாகக் கொஞ்சம் ஊற்றினாள்.

"பழச கொட்டலியா?"

"எதுக்கு மேடம்? பாதிக்கு மேல இருக்கே."

"அடிப்பாவி! தயிருக்கு உறை ஊத்துறியா? தெனம் பழசு மேல புதுச வுட்டு, கிருமிய தோய்ச்சு வெச்சுக்கினு கீறியே!"

வலியிலும் ரேவதி சிரித்துவிட்டாள். டப்பா குச்சி மேடத்தோடு லேபுக்குப் போனது. ஞாயிறு மாலை போன் வந்தது: "கெட்டித் தயிரும்மா! அதே கிருமிதான்."

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அவர் எங்கள் அறைக்கு வந்தார். சுத்தமான பஞ்சால் ரேவதியின் இடது கண்ணை மறைத்து, ஒரு விரலை நீட்டினார்.

"இன்னா தெரியுது, கண்ணு?"

ரேவதி வெகுநேரம் பார்த்தாள். "உங்க நகத்துல அழுக்கு, மேடம்."

"அழுக்கில்லடி, லேப் சாயம்!" என்று கத்தியவர், அந்த விரலாலேயே தன் கண்களைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் அவர் புறங்கையில் அடிக்கவில்லை.