பன்னீர்ச்செம்பும் நேரடிப் பெட்ரோலும்

கார் நிபுணர்களில் இரண்டு வகை. கார் வைத்திருப்பவர்கள் ஒரு வகை; அவர்கள் அதைத் தள்ளவே நேரம் போதாமல் வாயைத் திறப்பதில்லை. நாம் பார்க்கப்போவது கார் இல்லாத நிபுணரை. எந்தக் கார் எங்கே நின்றாலும், ஓட்டுநர் இறங்குவதற்கு முன்பே இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கே நிற்பார். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா, சண்முகரத்தினம் இந்த இனத்தில் முதல் தரம். ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில், ஜெர்மன்காரன் விமான என்ஜினில் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சிப் பார்க்கிறான் என்று படித்த நாளிலிருந்து அவருக்கு மற்றக் கார்கள் எல்லாம் கட்டை வண்டிகள்தான். கார்புரேட்டரில் கலந்து வரும் பெட்ரோல் பாதி வழியிலேயே குழாயில் ஒட்டிக்கொண்டு வீணாகிறதாம். உள்ளேயே பீய்ச்சினால் அது ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்குமாம். குளிர்ந்த காற்றை இன்னும் இறுக்கி அமுக்கலாமாம். சக்தி கூடுமாம், செலவு குறையுமாம். அத்தனையும் உண்மை. ஆனால் இழவு வீட்டிலும் அதையே சொன்னால் யார் கேட்பார்கள்? உலகம் தன்னை மதிக்கவில்லை என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

தங்கை பூமணிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பாலசுந்தரத்தை அழைத்துவர, வாடகைக் காரில் கிள்ளானுக்குப் போனார். அங்கே முறைப்படி பன்னீர் தெளித்து, தலைப்பாகையோடு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாதி வழியில் பத்து தீகா என்ற ஊரில் கார் இருமி நின்றது. புறப்படும்போது எலுமிச்சம்பழம் சக்கரத்தில் சரியாக நசுங்கவில்லை என்றார் ஓட்டுநர் தம்புசாமி. சண்முகரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது.

"உந்தக் காரின்ர அமைப்பே பிழை. நான் நேரடியா விடுறன், பாரும்."

"என்னமோ செய்யுங்க ஐயா, முகூர்த்தம் போவுது."

கண்ணில் பட்டது காலியான பன்னீர்ச்செம்பு. அதில் பெட்ரோலை நிரப்பி, பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்தியோடு தெளித்துவிட்டு, மிச்சத்தோடு செம்பை ஆசனத்தில் போட்டு, பிளக்கை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். என்ன ஆச்சரியம்! என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பிரிக்பீல்ட்ஸ் வரை அவர் வாய் மூடவில்லை.

வாசலில் கார் நின்றதும் சித்தி ஒருத்தி ஆசனத்தில் கிடந்த செம்பை எடுத்து மாப்பிள்ளைமேல் தாராளமாகத் தெளித்தாள். கார் வந்த இடத்தில் பெட்ரோல் மணப்பது இயற்கைதானே? அவள் பின்னால் இரண்டு பெண்கள் திரி எரிய ஆராத்தித் தட்டோடு வந்தார்கள். பாலசுந்தரம் தன் சட்டையை முகர்ந்தார். தட்டைப் பார்த்தார். ஓடினார்.

மாப்பிள்ளைக்குப் பெண் பிடிக்கவில்லை என்று பந்தல் முழுவதும் பரவியது. மணவறையில் பூமணி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள், பாவம். தம்புசாமி மாப்பிள்ளையைக் காரிலேயே துரத்திப்போய் ரயில் தண்டவாளத்தருகே மடக்கினார். குழாயடியில் குளிப்பாட்டி, சண்முகரத்தினத்தின் ஆபீஸ் சட்டையை மாட்டிவிட்டு, முகூர்த்தத்தின் கடைசி நிமிஷத்தில் தாலி கட்டவைத்தார்கள்.

பூமணி முதன்முறையாகச் சிரித்தபோது, சண்முகரத்தினம் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"பாத்தீரே மச்சான், நேரடியா விட்டா என்ன வேகமெண்டு."

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? கார்புரேட்டரில் எது வீணாகிறது, காற்று ஏன் குளிர்கிறது என்பதெல்லாம் உங்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. கார்தான் இல்லை. நாளைக்குத் தெருமுனையில் ஒரு லோரி நின்றுபோனால், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளாமல் நேரே வீடு போய்ச் சேருவீர்களா?