ஈசான மூலையில் கல்நார்

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவர் மடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. இன்னொருவர் கையில் செப்புக் கம்பி. மூன்றாமவர் எழுந்து நின்று, உதவிப் பொறியாளர் கணேசமூர்த்தியின் அறைச் சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கணேசமூர்த்தி கதவைச் சாத்திவிட்டுக் கிளார்க் லாரன்ஸைக் கூப்பிட்டார்.

"யாருய்யா இவங்கல்லாம்?"

"நம்ம நோட்டீஸைப் பார்த்து வந்த ஆலோசகருங்க சார்."

"நோட்டீஸ்ல என்னதான் போட்ட?"

லாரன்ஸ் படித்துக் காட்டினார். "பொதுக் கட்டடங்களில் மறைந்துள்ள கெடுதலான பொருட்களைக் கண்டறிந்து, யாருக்கும் பாதிப்பில்லாமல் எடுத்துத் தரக்கூடிய ஆலோசகர் தேவை. நீங்க சொன்னதைத்தான் சார் தமிழ்ல போட்டேன்."

கணேசமூர்த்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இதைப் படித்துவிட்டு என்ஜினீயரா வருவான்? அடுத்தவன் நம் வாசற்படிக்குக் கீழே புதைத்திருக்கும் செய்வினைத் தகட்டை எடுத்துத் தருகிறேன் என்று ஊரில் எத்தனை பேர் போர்டு மாட்டியிருக்கிறார்களோ, அவர்கள்தான் வருவார்கள். வந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. பொதுக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால், விவரம் தெரிந்த ஆலோசகர் ஒருவரை அமர்த்தி, அவர் சொல்கிறபடி அதை அகற்ற வேண்டும். எப்படி அகற்றுவது என்பதற்கு 'இணைப்பைக் காண்க' என்று போட்டிருந்தது. இணைப்பை யாரும் இணைக்கவில்லை. அது எந்த உத்தரவில்தான் இருந்திருக்கிறது?

மந்தைவெளியில் இவருடைய பொறுப்பில் ஒரு சமுதாயக் கூடம். அதன் பின்மூலையில் ஓர் அங்கன்வாடி. கால்வாய்க் கரை வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் விரிசல் விட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேதான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். கூரையை மாற்றக் கேட்டு கணேசமூர்த்தி எழுதிய கடிதமெல்லாம் செயற்பொறியாளர் கோதண்டபாணியிடம் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. "முப்பது வருஷமா இருக்கிற கூரை. யாருக்கு என்ன ஆச்சு?" என்பார் கோதண்டபாணி. இப்போது உத்தரவே வந்துவிட்டதால் ஒரேயடியாக மறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வுக்குள் ஆலோசகர் கிடைக்காவிட்டால் 'தேவை எழவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடும்படி சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. அங்கன்வாடிப் பணியாளர் தேவானை.

"இன்னா சார், ஆளு கெடைச்சாரா?"

"பாத்துக்கிட்டிருக்கேம்மா."

"இன்னிக்கும் தூளு உழுந்துகினே கீது சார். முட்டையக் கழுவிக் கழுவிக் குடுக்கறேன். பசங்க மூஞ்சியக் கழுவலாம், மூக்குக்குள்ள எப்டி கழுவறது?"

கணேசமூர்த்தி போனை வைத்தார். எழுந்து ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். போன வாரம் அங்கே போனபோது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் இமைமேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

"லாரன்ஸ், நோட்டீஸை மாத்து. ஆஸ்பெஸ்டாஸ்னு நேரடியாப் போடு."

"தூய தமிழ்லதான் இருக்கணும்னு ஆர்டர் சார். அகராதியில பார்த்துட்டேன். கல்நார்."

"சரி, கல்நாருன்னே போடு."

கல்நார் அகற்றும் ஆலோசகர் தேவை என்று போட்டார்கள். மறுநாள் பெஞ்சில் ஆட்கள் மாறியிருந்தார்கள். கருங்கல் ஜல்லிக்காரர் ஒருவர், கோயில் பக்கம் பூக்கட்ட வாழைநார் விற்கும் அம்மா ஒருவர், கயிற்றுக் கடை ஷரஃபுதீன் பாய்.

"கல்லு நம்மகிட்ட இல்ல சார். தேங்கா நாருன்னா லோடு கணக்குல தர்றேன்" என்றார் பாய்.

"எனக்கு எதையும் தர வேணாம் பாய். இருக்கிறதை எடுக்கணும்."

"எடுத்துட்டா போச்சு. எங்க கீது நாரு?"

அவரை அனுப்பிவிட்டு, கணேசமூர்த்தி வேளச்சேரியில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண் மிக இனிமையாகப் பேசி, நான்கு பேரிடம் லைனை மாற்றி, கடைசியில் அடுத்த வருஷம் தை மாதத்துக்கு மேல் பார்க்கலாம் என்றாள். வெள்ளிக்கிழமையோ நாளைக்கு.

முதல் நாள் வந்த ஐந்து பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள். செப்புக் கம்பிக்காரர் மட்டும் நகரவில்லை. காவி வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், 'ஈசானம் சக்திவேல், வாஸ்து ஆலோசகர், வடபழனி' என்று ஒரு கார்டு. பக்கத்தில் அவர் மனைவி புஷ்பம், பெரிய பையோடு.

"இது உங்க வேலை இல்லீங்க" என்றார் கணேசமூர்த்தி.

"இடத்தை ஒரு தடவை காட்டுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல" என்றார் சக்திவேல்.

வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் மனைவியோடு பெஞ்சில் இருந்தார். அந்த நேரம் பார்த்து கோதண்டபாணியின் கார் வந்து நின்றது.

கோதண்டபாணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேசையை வடக்குப் பார்க்கத் திருப்பினால் பதவி உயரும் என்று யாரோ சொன்னதிலிருந்து, அவர் அறைக்குள் போகிறவர்கள் அவர் முதுகைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெசன்ட் நகர் வீட்டில் சமையலறை நான்கு தடவை இடம் மாறியிருக்கிறது. வீட்டம்மா இப்போது பால்கனியில் சமைப்பதாகக் கேள்வி.

அவர் கண்ணில் செப்புக் கம்பி பட்டது. நின்றுவிட்டார்.

"வாஸ்துவா?"

"ஆமாங்க ஐயா."

"கணேசமூர்த்தி, இவ்வளவு நாள்ல இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"சார், இவர் ஆஸ்பெஸ்டாஸ் ஆளு இல்ல சார். தப்பா வந்துட்டார்."

"சரியாத்தான் வந்திருக்கார். வண்டியில ஏறுங்க ஐயா."

மந்தைவெளிக்குப் போகும் வழியெல்லாம் கோதண்டபாணி தன் சமையலறையைப் பற்றியே பேசினார். அங்கன்வாடி வாசலில் சக்திவேல் மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டார். கூரையை அண்ணாந்து பார்த்தார். யாரும் கை வைக்க வேண்டாம் என்று சைகை காட்டினார். புஷ்பம் பையிலிருந்து தண்ணீர் எடுத்துத் தெளிக்க, கூரையோரத்தில் ஒரு சின்னத் துணுக்கைப் பெயர்த்துப் பொட்டலம் கட்டினார்.

"இதை வெளியூர்ல ஒரு இடத்துக்கு அனுப்பணும். பதில் வரட்டும்" என்றார்.

கேரளாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் கணேசமூர்த்தி.

"பாத்தவரைக்கும் என்ன தோணுது?" கோதண்டபாணி கிட்டே வந்து கேட்டார்.

"இது ஈசான மூலைங்க. இங்க இந்தக் கூரை இருக்கவே கூடாது. இதுக்குப் பொறுப்பான அதிகாரி தலைமேலதான் வந்து விடியும்."

முப்பது வருஷமாக யாருக்கும் எதுவும் ஆகாத அந்தக் கூரையைப் பார்த்துக் கோதண்டபாணிக்கு வியர்த்தது. பதில் வந்ததும் கூரையை எடுத்துவிட வேண்டும் என்றார்.

"சார், ஆர்டர்ல கல்நார் ஆலோசகர்னு போட்டிருக்கே" என்றார் கணேசமூர்த்தி.

"இவரையே கல்நார் ஆலோசகர்னு எழுதிக்கோங்க. பேப்பர்தானே."

கணேசமூர்த்திக்கு ஒரு யோசனை தோன்றியது. பரிகாரம் பெரிதாக இருந்தால் கோதண்டபாணி பயந்து பின்வாங்குவார். வேளச்சேரி நிறுவனம் வரும் தை மாதம்வரை கோப்பை எப்படியாவது இழுத்துக்கொண்டு போகலாம். பதில் வந்த அன்று சக்திவேலைத் தனியே தள்ளிக்கொண்டு போய், செய்ய முடியாத நிபந்தனைகளாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கிற நிபந்தனையே போதும் சார்" என்றார் சக்திவேல்.

உண்மையிலேயே போதுமாக இருந்தது. வேலை செய்கிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்த வேண்டும். வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். கூரையை நன்றாக நனைத்தபிறகுதான் தொட வேண்டும். எதையும் உடைக்கக் கூடாது; மேலிருந்து போடக் கூடாது; ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி இறக்க வேண்டும். இரட்டை உறையில் சுற்றிக் கட்டி, தனியிடத்தில் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டி, அதற்குள் குழந்தைகளும் பெரியவர்களும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கோதண்டபாணி பின்வாங்கவில்லை. "எவ்வளவு கடுமையான தோஷம் பாத்தீங்களா" என்றபடி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். புதைக்கும் இடத்துக்குக்கூட அனுமதி வாங்கித் தந்தார். மொட்டைமாடிக் குழாய்க்கு அனுமதி வாங்க ஒரு மழைக்காலமே காத்திருந்த கணேசமூர்த்தி அதை வாய் பிளந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூரை இறங்கியது. கோதண்டபாணியே வெள்ளை உடையில் கயிற்றுக்கு வெளியே கைகூப்பி நின்றார். தெருக்காரர் ஒருவர் பக்தியோடு திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சக்திவேல் வந்த கோபத்தில் குங்குமம் வழிய ஓடிப்போய் அவரைத் தடுத்தார்.

"இங்க எதையும் போட்டு உடைக்கக் கூடாது. துடைப்பமும் படக் கூடாது. ஈரத்துணியாலதான் துடைக்கணும்."

"சாமி ரொம்பக் கறாரான சாமி" என்றாள் தேவானை, தள்ளி நின்றபடி.

கணேசமூர்த்தியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்த மந்திரவாதக் கூத்தில் எவ்வளவு தூள் கிளம்பியிருக்குமோ, அத்தனையும் நாளைக்கு அந்தக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போய்விடுமோ என்று ஒவ்வொரு ஷீட் இறங்கும்போதும் அண்ணாந்து பார்த்தார். மனசாட்சியுள்ள மனிதர், பாவம்.

புதுக்கூரை வந்தது. குழந்தைகள் திரும்பி வந்தார்கள். தேவானை போன் செய்து, "சார், முட்டையக் கழுவாமக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து வந்தது தணிக்கை. ஒரே ஒரு கேள்வி. கல்நார் ஆலோசகரின் தகுதிச் சான்றிதழ் கோப்பில் இல்லையே, ஏன்?

கோதண்டபாணியிடம் ஓடினார். அவர் முதுகு பதில் சொன்னது.

"கல்நார் ஆலோசகர்னு எழுதினது யாரு?"

"நீங்க எழுதச் சொன்னீங்க சார்."

"எழுதினது யாருன்னு கேட்டேன்."

கணேசமூர்த்தி வெளியே வந்து ஆட்டோ பிடித்து வடபழனிக்குப் போனார். பஸ் டிப்போவுக்குப் பின்சந்தில் மாடி வீடு. புஷ்பம் கதவைத் திறந்தாள்.

"வாங்க சார். அவர் இல்லையே. தி.நகர்ல ஒரு பள்ளிக்கூடம், அக்கினி மூலையில ஒரு பழைய ஷெட்டாம். பாக்கப் போயிருக்கார்."

அவர் உட்காரக்கூட இல்லை. நின்றவாக்கில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"என் வேலை போனாக்கூடப் பரவாயில்லம்மா. ஒரு வாஸ்துக்காரரை வச்சு ஆஸ்பெஸ்டாஸைப் பிரிச்சிட்டேன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. அந்தக் குழந்தைங்களுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? சரி, நடந்தது நடந்துடுச்சு. கோப்புல வைக்க ஒரு காகிதமாவது வேணும். அவரோட வாஸ்து சர்டிபிகேட்டையாவது குடுங்கம்மா, வேற ஒண்ணும் கேக்கல."

புஷ்பம் சங்கடத்தோடு தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதுதான் சார் அவர்கிட்ட இல்ல, ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கறதுக்குப் படிச்ச சர்டிபிகேட்தான் மூணு இருக்கு, ஆனா அதைக் காட்டிக்கிட்டு அலைஞ்ச வரைக்கும் ஒரு ஆபீசர்கூட ஒரு ஷீட்டைக் கழட்டல."